பணம் வந்தது, அனுப்பியவர் யார்? ஒரு கேமரா விற்பனையின் நிகழ்வு ஆய்வு

கேமராவை விற்ற நான்காம் நாள் காலையில் என் வங்கிக் கணக்கிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை. சேவை எண்ணை அழைத்துக் கேட்டேன். "உங்க கணக்குக்கு வந்த ஒரு தொகையைப் பத்திப் புகார் வந்திருக்கு சார். மோசடிப் பணம்னு சொல்றாங்க. விசாரணை முடியுற வரைக்கும் கணக்கை நிறுத்தி வெச்சிருக்கோம்" என்றார் எதிர்முனையில் இருந்தவர். எந்தத் தொகை என்று கேட்டேன். கேமராவுக்கு வந்த தொகை.

முகம் தெரியாதவருக்கு ஒரு பழைய பொருளை விற்கும்போது ஏமாறாமல் இருக்க எனக்குத் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பணம் போட்டுவிட்டதாகக் காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டை நான் நம்புவதில்லை. என் செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகுதான் பொருள் கை மாறும். பணம் பெறுவதற்கு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னால் அது பணத்தைப் பறிக்கும் வேலை என்று தெரியும். ஓடிபியை யாரிடமும் சொல்ல மாட்டேன். "தவறுதலாக அதிகம் போட்டுவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று வருபவர்களையும் தெரியும். இந்த விற்பனையில் இவை எதுவும் நடக்கவில்லை. பேசிய விலை முழுதாக வந்தது, என் கணக்கில் உண்மையாகவே ஏறியது. அப்படியும் ஒரு மோசடியின் நடுவில் நின்றிருந்தேன், மோசடிக்காரன் என்ற பெயரோடு.

பணத்தை இழந்தவர் ஓர் ஆசிரியை. பின்னாளில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, இருவர் கைப்பேசியிலும் இருந்த உரையாடல்களை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தோம். அதில் தெரிந்ததைத்தான் அவர் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். பெயர், ஊர், வங்கி, தளம் எதையும் குறிப்பிடவில்லை.

என் பக்கத்தில் நடந்தது

என்னிடம் ஒரு கேமரா பாடியும், அதாவது லென்ஸ் இல்லாத கேமராவும், இரண்டு லென்ஸ்களும் இருந்தன. பாடியை முதலில் விற்றுவிடலாம், லென்ஸ்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். பழைய பொருட்களை விற்கும் ஒரு தளத்தில் பாடிக்கு மட்டும் விலை போட்டு விளம்பரம் கொடுத்தேன். ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது அது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதை, எழுதினேன். ஃப்ளாஷ் பொருத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சிறு கீறலையும் படம் எடுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் ஒருவன் செய்தி அனுப்பினான். "அண்ணா, கேமரா இருக்கா?" இருக்கிறது என்றேன். தளத்தில் செய்தி தாமதமாக வருகிறது, கைப்பேசி எண் கொடுங்கள் என்றான். கொடுத்தேன். அடுத்த இரண்டு நாளும் கேள்விகள் வந்தன. எல்லாம் கேமரா தெரிந்த ஒருவர் கேட்கிற கேள்விகள். சென்சாரில் தூசி இருக்கிறதா, பேட்டரி எத்தனை, பழுது பார்த்ததுண்டா, வாங்கிய ரசீது இருக்கிறதா. விலையில் கொஞ்சம் குறைக்கச் சொன்னான், குறைத்தேன். பிறகு ஒரு படம் கேட்டான்: ஒரு தாளில் என் பெயரையும் அன்றைய தேதியையும் கையால் எழுதி, கேமராவுக்குப் பக்கத்தில் வைத்து எடுக்க வேண்டும். நியாயமான கேட்பு. நானே பிறரிடம் கேட்டிருக்கிறேன். "லென்ஸ் ரெண்டும் சேர்த்து வைங்கண்ணா, அடுத்த மாசம் அதையும் எடுத்துக்குறேன்" என்றான். சரி என்று மூன்றையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன்.

ஒப்படைக்க ஒரு நூலகத்தின் வாசலைத் தேர்ந்தெடுத்தேன். ஆள் நடமாட்டம் உண்டு, கண்காணிப்பு கேமராவும் உண்டு. மாலையில் வந்தது அவன் இல்லை, இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன். "அண்ணன் வெளியூர்ல மாட்டிக்கிட்டார். நான் வாங்கிட்டுப் போயிடுறேன். பணத்தை அவரோட அக்கா போட்டுடுவாங்க" என்றான். கைப்பேசியில் அவனும் அதையே சொன்னான். பத்து நிமிடத்தில் பணம் வந்தது. அனுப்பியவர் பெயர் ஒரு பெண்ணுடையது. பரிமாற்றக் குறிப்பில் "குடும்பச் செலவு" என்று இருந்தது. அக்கா என்றார்கள், பெண் பெயர் இருக்கிறது. குடும்பம் என்றும் போட்டிருக்கிறது. எல்லாம் பொருந்தியது. கேமராவைப் பெட்டியோடு கொடுத்தேன். பெட்டியில் ஒட்டியிருந்த வரிசை எண்ணை மட்டும் அதற்கு முன்பே படம் எடுத்து வைத்திருந்தேன். இந்த விவகாரத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஆசிரியையின் பக்கத்தில் நடந்தது

அவருக்குப் பறவைகளைப் படம் எடுப்பதில் விருப்பம். வேறொரு தளத்தில் ஒரு விளம்பரத்தைப் பார்க்கிறார்: கேமரா பாடியும் இரண்டு லென்ஸ்களும் சேர்த்து, பாடிக்கு மட்டும் நியாயமாக இருக்கும் ஒரு விலையில். படங்கள் என்னுடையவை. விற்பவர் பெயர் என் பெயர். ஆறு வருடம் பழைய கணக்கு, நிறைய நல்ல மதிப்புரைகள். அது யாரோ ஒருவரிடமிருந்து களவாடப்பட்ட கணக்கு என்பது பிற்பாடு தெரிந்தது. காட்டப்படும் பெயரை மாற்றினாலும் மதிப்புரைகள் அப்படியே இருக்கும் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானாக இருந்தாலும் யோசித்திருக்க மாட்டேன்.

அவர் கவனமானவர். விலை ஏன் குறைவு என்று கேட்டார். வெளிநாடு போகிறேன், சீக்கிரம் விற்க வேண்டும் என்று பதில் வந்தது. வீடியோ அழைப்பில் கேமராவைக் காட்டச் சொன்னார். அலுவலகத்தில் இருக்கிறேன், முடியாது என்றவன், அரை மணி நேரத்தில் ஒரு படம் அனுப்பினான். தாளில் பெயர், தேதி, பக்கத்தில் கேமராவும் இரண்டு லென்ஸ்களும். நான் எடுத்த படம்.

பார்சலைக் கூரியரில் கொடுத்துவிட்டுப் பணம் கேட்கிறேன் என்றான். சொன்னபடி ஒரு ரசீதின் படம் வந்தது. பணம் போட வேண்டிய கணக்கு என்று என் கணக்கு எண்ணைக் கொடுத்தான். விற்பவர் பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றே என்பதைப் பார்த்த பிறகுதான் அவர் பணம் போட்டார். குறிப்பில் "குடும்பச் செலவு" என்று எழுதச் சொன்னதும் அவன்தான். வியாபாரம் என்று போட்டால் வங்கி கட்டணம் பிடிக்கும் என்று காரணம் சொல்லியிருக்கிறான்.

அவர் பணம் போட்ட அந்த நிமிடத்தில் நான் நூலக வாசலில் அந்தப் பையனுக்கு முன்னால் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

கூரியர் எண் போலி இல்லை. உண்மையான எண், ஆனால் வேறு யாருக்கோ போகும் பார்சலுடையது, அவர் ஊருக்கே போவது. மூன்று நாள் "வழியில் உள்ளது" என்று காட்டி, மூன்றாம் நாள் மாலை "ஒப்படைக்கப்பட்டது" என்று மாறியது. அவர் வீட்டுக்கு எதுவும் வரவில்லை. அவனுடைய எண் அணைந்திருந்தது. அன்றிரவே வங்கியிலும் காவல் துறையிலும் புகார் கொடுத்தார். அவரிடம் இருந்த ஆதாரம் எல்லாம் யாரைக் காட்டும்? என் பெயர், என் கணக்கு எண், என் கையெழுத்து.

ஒரே கேள்வி, இரண்டு திரைகள்

விசாரணை அதிகாரி எங்கள் இருவரையும் தொலைபேசியில் இணைத்தார். ஆசிரியை முதலில் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

"அந்தத் தாள்ல எழுதியிருக்கறது உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமாங்க."

"அப்புறம் எப்படி நீங்க இல்லைன்னு சொல்றீங்க?"

என்னிடம் பதில் இல்லை. கேமராவைக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நானும் அவரை முழுதாக நம்பவில்லை, அவனோடு சேர்ந்தவராக இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. இப்படிப்பட்ட மோசடியில் ஏமாந்த இருவர் மட்டும்தான் ஒருவர் கண்ணில் ஒருவர் படுகிறார்கள். கோபமும் அவர்கள் இருவருக்கு இடையிலேயே சுற்றுகிறது. ஏமாற்றியவன் அந்த நேரத்துக்குள் போய்விடுகிறான்.

உரையாடல்களை ஒப்பிட்ட அன்றுதான் சந்தேகம் தீர்ந்தது. காலை 11:02-க்கு ஆசிரியை அவனிடம் கேட்கிறார்: "சென்சாரில் தூசி, கீறல் ஏதாவது இருக்கா?" 11:03-க்கு அவன் என்னிடம்: "அண்ணா, சென்சாரில் தூசி, கீறல் ஏதாவது இருக்கா?" 11:09-க்கு நான் எழுதுகிறேன்: "கீறல் இல்லை. எஃப் 16-இல் வெறும் வானத்தை எடுத்தால் மேல் மூலையில் ஒரு சிறு புள்ளி தெரியும். ப்ளோயரால் ஊதினால் போய்விடும்." 11:10-க்கு அதே வரிகள், ஒரு எழுத்து மாறாமல், அவர் திரையில்.

"இந்தப் பதிலைப் பார்த்துதான் சார் இவர் நேர்மையான ஆள்னு முடிவு பண்ணேன்" என்றார் அவர். குறையைத் தானாகச் சொல்கிற விற்பனையாளர் ஏமாற்ற மாட்டார் என்பது அவர் கணக்கு. தவறான கணக்கும் இல்லை. சொன்னது நான், நான் ஏமாற்றவும் இல்லை. விலையைக் குறைக்கச் சொன்னதும் அவர்தான், அவன் இல்லை. அவர் கேட்ட அதே தொகையை அவன் என்னிடம் கேட்டான், நான் சரி என்றதும் அவரிடம் சரி என்றான். இரண்டு நாளில் அவன் சொந்தமாக எழுதிய வரிகளை எண்ணினோம். கைவிரல்களுக்குள் அடங்கிவிட்டன. மற்றதெல்லாம் அவரிடமிருந்து எனக்கும் என்னிடமிருந்து அவருக்கும் தள்ளிவிட்டவை.

அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் கேமரா போனதற்கான வருத்தத்தைவிடப் பெரியது. நான் உண்மையாக நடந்துகொண்டதுதான் அந்த மனிதரை ஏமாற்றப் பயன்பட்டிருக்கிறது.

எங்கே பிடி நழுவியது

கணினிப் பாதுகாப்பில் இதற்கு இடையாள் தாக்குதல் என்று பெயர். இரு முனையில் இருப்பவர்களும் நேரடியாகப் பேசிக்கொள்வதாக நினைப்பார்கள். நடுவில் ஒருவன் இரண்டு பக்கத்துச் செய்திகளையும் வாங்கி வாங்கிக் கடத்துவான். விற்பனைகளில் நடக்கும்போது இதை முக்கோண மோசடி என்கிறார்கள்.

இணையச் சந்தை தொடங்கிய காலத்திலிருந்து நாம் பயந்துவந்தது இரண்டு விஷயங்களுக்கு. பொருள் சொன்னபடி இருக்குமா என்பது ஒன்று. பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்துப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான்: பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது, அதனால் எல்லாருக்கும் சேர்த்துக் குறைந்த விலைதான் கிடைக்கும், நல்ல பொருள் வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகிவிடுவார். அவருக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்த ஆய்வுகளுக்கு அடித்தளம் அந்தக் கட்டுரைதான். மற்றொரு பயம், எதிரில் இருப்பவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாரா என்பது. 1995-இல் ஈபே என்ற இணையச் சந்தையைத் தொடங்கிய பியர் ஒமிட்யார் அடுத்த ஆண்டே வாங்குபவரும் விற்பவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது இந்தப் பயத்துக்காகத்தான். அதிலும் சிக்கல் வந்தது. குறை எழுதினால் பதிலுக்கு நம்மைப் பற்றியும் குறை எழுதிவிடுவார்கள் என்று வாங்குபவர்கள் தயங்கினார்கள். அதனால் 2008-இல் விற்பவர்கள் வாங்குபவர்களைப் பற்றிக் குறை எழுதுவதை ஈபே நிறுத்தியது.

எங்கள் விவகாரத்தில் இந்த இரண்டு பயத்துக்கும் பதில் இருந்தது. பொருள் உண்மையானது, அதைப் பற்றிச் சொன்னவை உண்மை, பணமும் உண்மை. மதிப்புரைகளும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் நேர்மையாகச் சம்பாதித்தவை. உண்மையில்லாதது ஒன்றே ஒன்று: அந்தப் பணம் இந்தப் பொருளுக்கானது என்ற தொடர்பு. ஆசிரியை தன் பாதியைச் சரிபார்த்தார், நான் என் பாதியைச் சரிபார்த்தேன். இரண்டு பாதியும் ஒட்டுகிறதா என்று பார்க்க யாரும் இல்லை.

கணக்கு எண்ணும் பெயரும் பொருந்துகிறதா என்று பணம் போகும் முன்பே காட்டும் வசதி இப்போது பல நாடுகளில் உண்டு. பிரிட்டனில் 2020-இல் நடைமுறைக்கு வந்தது. யூரோ புழங்கும் நாடுகளின் வங்கிகளுக்கு 2025 அக்டோபரிலிருந்து கட்டாயம். பல மோசடிகளை அது தடுக்கும், வரவேற்க வேண்டியது. ஆனால் ஆசிரியைக்கு அது பச்சை விளக்குதான் காட்டியிருக்கும். அவன் கொடுத்த பெயரும் கணக்கும் உண்மையிலேயே ஒரே ஆளுடையவை, என்னுடையவை.

தேதி எழுதிய தாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் படம் எதை நிரூபிக்கிறது? அன்றைய தேதியில், அந்தப் பெயருள்ள ஒருவரிடம், அந்தப் பொருட்கள் இருந்தன. அவ்வளவுதான். அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்புகிறவர்தான் அதை எடுத்தவர் என்று அது சொல்வதில்லை. நான் அந்தத் தாளில் இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தால் போதும்: "பாடி மட்டும் விற்பனைக்கு, லென்ஸ் கிடையாது. நேரில் மட்டுமே, கூரியர் இல்லை." அவனால் அதை ஆசிரியைக்கு அனுப்பியிருக்க முடியாது. படத்தைத் திருத்தலாம், உண்மைதான். ஆனால் கையெழுத்துக்கு நடுவில் இரண்டு வரியை அழிப்பது வேலை, அந்த வேலைக்கு அவன் இன்னொரு ஏமாளியைத் தேடியிருப்பான்.

அதேபோல் பரிமாற்றக் குறிப்பு. அந்தச் சிறு பெட்டியை நாம் யாரும் மதிப்பதில்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் இடையில் அவன் கை படாமல் நேராக வந்த ஒரே வரி அதுதான். அவனுக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் அதில் என்ன எழுத வேண்டும் என்பதை அவனே சொல்லிக் கொடுத்தான். "கேமரா பாடி, இரண்டு லென்ஸ், கூரியரில்" என்று ஆசிரியை எழுதியிருந்தால் நூலக வாசலிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குறிப்பில் என்ன வாங்குகிறீர்கள் என்பதை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். அதில் பொய் எழுதச் சொல்கிறவரோடு மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை. பேபால் போன்ற பணம் அனுப்பும் சேவைகளில் நண்பர், குடும்பம் என்று குறிப்பிட்டு அனுப்பும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பே கிடையாது. "கட்டணம் மிச்சம்" என்று சொல்லி அந்தப் பக்கம் தள்ளுவது பழைய தந்திரம்.

தளத்தின் உரையாடலை விட்டு வெளியே வந்ததும் எங்கள் இருவர் தவறுதான். நான் ஒரு தளத்தில் இருந்தேன், அவர் வேறொன்றில். இருவரும் அங்கங்கே பேசியிருந்தால், பொருள் கைக்கு வந்த பிறகே பணம் விற்பவருக்குப் போகும் நடுவர் கணக்கு முறையை அவர் பயன்படுத்தியிருக்கலாம். எஸ்க்ரோ என்பார்கள். ஒரு எச்சரிக்கை: போலி எஸ்க்ரோ இணையதளங்களும் உண்டு. எதிர்த்தரப்பு அனுப்பும் இணைப்பு வழியாக அப்படி ஒன்றுக்குள் போகக் கூடாது.

பணம் திரும்பிய கதை

என் கணக்கில் அந்தத் தொகை அப்படியே இருந்தது நல்லதாகப் போயிற்று. நான்கு நாளில் செலவழித்திருந்தால் பேச்சுவார்த்தைக்கே இடம் இருந்திருக்காது. ஆசிரியை இன்னும் முன்னதாகப் புகார் கொடுத்திருந்தால் விசாரணை அந்தப் பையனை அன்றைக்கே பிடித்திருக்கலாம். ஆனால் "வழியில் உள்ளது" என்று காட்டும் பார்சலைப் பற்றி யார் புகார் கொடுப்பார்கள்? அந்த மூன்று நாளை வாங்கத்தான் அவன் அந்த எண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறான்.

விளம்பரத்தின் பிரதி, முழு உரையாடல், வாங்கிய ரசீது, பெட்டியின் வரிசை எண் படம், நூலக வாசலில் நின்ற நேரம் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்தேன். நூலகத்தின் பதிவில் நானும் பையனும் தெரிந்தோம். அவன் அன்றைய ஒரு வேலைக்குக் கூலி பேசி வந்தவன். கேமராவை ஒரு பேருந்து நிலையத்தில் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அதற்கு மேல் தடம் இல்லை.

நண்பர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். "பொருளைக் கொடுத்துட்ட, பணம் உன்னுது" என்றார்கள் சிலர். "அது அந்த அம்மாவோட பணம், முழுசா குடுத்துடு" என்றார்கள் சிலர். முதலில் நானும் முதல் கட்சியில்தான் இருந்தேன். 11:02-லிருந்து 11:10 வரையிலான அந்தச் செய்திகளைப் பார்த்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை. முழுதும் கொடுத்தால் இழப்பு முழுதும் என்னுடையது, வைத்துக்கொண்டால் முழுதும் அவருடையது. பாதிப் பாதி என்று பேசினோம். அவர் சம்மதித்தார். அதுதான் நியாயமா என்று இன்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இருவராலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிகிறது.

அனுப்பிய விதம் முக்கியம். ஆசிரியை மீது எனக்கு அப்போது நம்பிக்கை வந்துவிட்டது, செயலியைத் திறந்து அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. இப்படிப்பட்ட பணத்தை நாமாகத் திருப்பி அனுப்பிய பிறகு, புகாரின் பேரில் வங்கியும் அதே தொகையைப் பிடித்துவிட்டால் இரண்டு முறை இழப்போம். வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்லி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை விசாரணை அதிகாரியிடமும் வங்கியிடமும் கொடுத்தோம். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே வங்கி வழியாகப் போனது. என் கணக்கு திறக்க 41 நாள் ஆயிற்று.

கேமராவின் வரிசை எண் திருட்டுப் புகாரில் இருக்கிறது. பல கேமராக்கள் தாம் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்த எண்ணை எழுதிவைக்கும். அதை வைத்து இணையத்தில் தேடும் சேவைகளும் உண்டு. ஆனால் சமூக ஊடகங்களில் பெரும்பாலானவை படத்தை ஏற்றும்போதே அந்தத் தகவலை அழித்துவிடுகின்றன. எனக்கு இதுவரை எதுவும் சிக்கவில்லை. எங்கோ நான்காவது ஒருவர், ஒன்றும் அறியாமல், அதை வாங்கி வைத்திருப்பார். பழைய பொருள் வாங்குபவர்கள் வரிசை எண்ணையும் முதல் ரசீதையும் கேட்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். கைப்பேசி என்றால் இன்னும் எளிது: ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்தினால் அந்தக் கைப்பேசிக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும், பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடலாம். பழைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பணம் கொடுக்கும் முன் பார்த்துவிட வேண்டும். ஐபோன்களில் 2013 முதல் உரிமையாளரின் கணக்கோடு இணைந்த ஒரு பூட்டு உண்டு, கணக்கு நீக்கப்படாத கைப்பேசியைப் புதியவர் தொடங்கவே முடியாது.

லென்ஸை விற்ற நாள்

கணக்கு திறந்த பிறகு பெரிய லென்ஸை விளம்பரத்தில் போட்டேன். இந்த முறை பணத்தை எதிரில் நிற்பவர்தான் தன் கைப்பேசியிலிருந்து போட வேண்டும் என்று விளம்பரத்திலேயே எழுதினேன். ஒருவர் வந்தார், அறுபதை நெருங்கிய மனிதர். லென்ஸைப் பொறுமையாகச் சோதித்தார், விலைக்கு ஒத்துக்கொண்டார். "பணத்தை என் நண்பர் போட்டுடுவார், எனக்குக் கொஞ்சம் தர வேண்டியிருக்கு" என்றார்.

"மன்னிச்சுக்கோங்க சார், உங்க கணக்குலேர்ந்துதான் வரணும்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "என்னைப் பார்த்தா ஏமாத்துறவன் மாதிரியா இருக்கு தம்பி?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன், நடந்ததையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஆனால் சமாதானம் ஆகவில்லை. லென்ஸை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர் ஒருவரை நோகடித்துவிட்டோமே என்று இரவு முழுக்க உறுத்தியது. ஆனாலும் அந்த வரியை விளம்பரத்திலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் மாலை அவரே அழைத்தார். அதே நூலக வாசல். நண்பர் தர வேண்டியதைத் தன் கணக்கில் வாங்கிவிட்டு, தன் கைப்பேசியிலிருந்து எனக்குப் போட்டார். போடும் முன் குறிப்பில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். "நீங்க என்ன வாங்குறீங்களோ அதை உங்க வார்த்தையில எழுதுங்க சார்" என்றேன். என் திரையில் அவர் பெயரோடு வந்தது: "பழைய லென்ஸ் ஒன்று, நேரில் பார்த்து வாங்கியது."